எந்த நி?

போன இதழில் மூன்று சுரக் கோட்டுகளைப் பற்றி (கோட் என்றால் ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்கும் சுரங்கள்) எழுதிய பிறகு வந்த கடிதங்களிலும் வட்ஸ்அப் செய்திகளிலும் பாதிக்கு மேல் ஒரே ஒரு இலக்கத்தைப் பற்றித்தான்: 7. அதனால் இந்த முறை முழுப் பக்கத்தையும் செவன்த் கோட்டுக்கே தருகிறேன். மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த இதழில் பார்ப்போம்.

கோண்டாவிலில் இருந்து ஒரு தங்கச்சி: "அண்ணா, நான் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையில் நாலாம் தரம் வரை வயலின் படித்தேன். இப்போது வீட்டில் ஒரு கீபோட் வாங்கியிருக்கிறோம். ஒரு பாட்டுத் தாளில் சி7 என்று இருந்தது. சி-யில் இருந்து எண்ணினால் ஏழாவது பி. அதனால் சி, இ, ஜி, பி என்று வாசித்தேன். கிற்றார் வாசிக்கும் மச்சான், அது பிழை, பி ஃப்ளாட் வாசிக்க வேண்டும் என்கிறார். ஏழு என்றால் ஏழுதானே, ஏன் அங்கே ஒரு கறுப்புக் கட்டை வருகிறது?"

மச்சான் சொன்னது சரி. நீங்கள் எண்ணியதிலும் பிழை இல்லை, பாதியில் நிறுத்திவிட்டீர்கள். கோட் கட்டுவதில் இரண்டு வேலை இருக்கிறது. முதலில் எழுத்தை எண்ண வேண்டும் (ஏ முதல் ஜி வரை ஏழு எழுத்து, ஜி-க்குப் பிறகு மீண்டும் ஏ), பிறகு தூரத்தை அளக்க வேண்டும். சி-யில் தொடங்கி ஒன்று விட்டு ஒன்றாக எழுத்தை எடுத்தால் சி, இ, ஜி, பி வரும். சி-யின் மேல் எந்த செவன்த் கோட்டைக் கட்டினாலும் இந்த நாலு எழுத்தும் இருந்தே தீரும். ஆனால் அந்த பி எந்த பி என்று எழுத்து சொல்லாது, அதைத் தூரம்தான் சொல்லும். தூரத்தை எண்ணும்போது கறுப்பு, வெள்ளை என்று பிரிக்காமல் கட்டை கட்டையாகப் போங்கள். ஒரு கட்டைக்கும் அதை ஒட்டிய அடுத்த கட்டைக்கும் இடையில் இருப்பது ஒரு அரைச்சுரம்.

உண்மையில் இது உங்களுக்குப் புது விஷயமே இல்லை. நிஷாதம் மூன்று என்று எப்போதோ படித்திருப்பீர்கள். சி-யை ஸட்ஜமாக வைத்தால் காகலி நிஷாதம் 11 அரைச்சுரம் மேலே, அதுதான் பி. கைசிகி நிஷாதம் 10, அது பி ஃப்ளாட், அதாவது பி-யில் இருந்து ஒரு அரைச்சுரம் இறங்கியது. சுத்த நிஷாதம் 9. வகுப்பில் ரீச்சர் ராகத்தைச் சொல்லாமல் வெறுமனே "நி பாடு" என்றால் "எந்த நி, ரீச்சர்?" என்று கேட்பீர்கள் அல்லவா? கோட்டின் பெயரும் அதே கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மேலைத்தேய இசைக்காரர் செய்துகொண்ட ஏற்பாடு இதுதான்: வேறு ஒரு சொல்லும் இல்லாமல் தனியாக 7 என்று போட்டால் அது கைசிகி. காகலி வேண்டுமானால் 'மேஜர்' என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நீங்கள் வாசித்த சி, இ, ஜி, பி-யின் பெயர் சி மேஜர் 7. அதுவும் நல்ல கோட்தான், அந்தத் தாளில் கேட்ட கோட் அது இல்லை, அவ்வளவுதான்.

சரி, கைசிகிக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? சி-யில் சங்கராபரணத்தைப் போட்டு, வெள்ளைக் கட்டைகளை மட்டும் வைத்து ஒவ்வொரு சுரத்தின் மேலும் ஒன்று விட்டு ஒன்றாக நாலு சுரம் அடுக்கிப் பாருங்கள். பஞ்சமத்தின் மேல் வருவது ப நி ரி ம, அதாவது ஜி, பி, டி, எஃப். கீழே மேஜர் கோட் (4 அரைச்சுரம், பிறகு 3), மேலே இன்னும் 3 ஏறி, கைசிகி தூரத்தில் ஒரு சுரம். இந்தச் சேர்க்கை ஏழு இடத்தில் இந்த ஓர் இடத்தில்தான் வரும். இதற்குள்ளே இருக்கும் நி-க்கும் ம-வுக்கும் இடையில் 6 அரைச்சுரம், அது நிம்மதி இல்லாத ஒரு தூரம். நி மேலே ஏறி ஸ-வில் சேரப் பார்க்கும், ம கீழே இறங்கி க-வில் சேரப் பார்க்கும், இரண்டும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும்போது "பாட்டு வீட்டுக்கு வந்துவிட்டது" என்று காது சொல்லும். தேவாலயப் பாடல்களில் கடைசி வரி முடிகிற இடத்தைக் கவனியுங்கள், ஆமென்னுக்குச் சற்று முன்னால் அநேகமாக இந்தக் கோட்தான் நிற்கும். வீட்டில் ஆக அதிகமாகக் கூப்பிடுகிற பிள்ளைக்குத்தானே சின்னப் பெயர் வைக்கிறோம், அப்படித்தான் இதற்கு வெறும் 7. முழுப் பெயர் டொமினண்ட் செவன்த். டொமினண்ட் என்பது ஐந்தாம் சுரத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்.

இப்போது உங்கள் சி7-க்கு வாருங்கள். சி யாருக்குப் பஞ்சமம்? எஃப்-க்கு, நம் கணக்கில் 4 கட்டைச் சுருதிக்கு (சி 1 கட்டை, அங்கிருந்து வெள்ளைக் கட்டைகளை எண்ணினால் எஃப் 4). எஃப்-இல் சங்கராபரணம் வாசித்தால் பி ஃப்ளாட் தானாகவே வந்துவிடும். ஆகவே அந்தக் கறுப்புக் கட்டை அந்நியன் இல்லை, எஃப் வீட்டுப் பிள்ளை. உங்கள் தாளில் சி7-க்கு அடுத்த கோட் என்ன என்று பாருங்கள், பெரும்பாலும் எஃப் ஆகத்தான் இருக்கும். இருந்தால் பி ஃப்ளாட்டில் இருக்கும் விரல் ஒரு கட்டை இறங்கி ஏ-யிலும், இ-யில் இருக்கும் விரல் ஒரு கட்டை ஏறி எஃப்-இலும் போய் இருப்பதைப் பத்துத் தரம் மெதுவாக வாசித்துப் பாருங்கள்.

பருத்தித்துறையில் இருந்து கிற்றார் பழகும் ஒரு தம்பி: "சி மைனர் 7, சி மேஜர் 7, இப்போது சி மைனர் மேஜர் 7 என்றும் ஒன்றைப் பார்த்தேன். ஒரு கோட் எப்படி மைனராகவும் மேஜராகவும் இருக்கும்? அதோடு யூரியூப்பில் சி7 பிடிக்கக் காட்டும் விரல் அமைப்பில் ஜி-யே இல்லையே?"

தம்பி, ஒன்றை மனதில் வைத்தால் இந்தக் குழப்பம் போய்விடும். பெயரில் வரும் 'மைனர்' மூன்றாம் சுரத்தைப் பற்றிப் பேசுகிறது. 7-க்குப் பக்கத்தில் வரும் 'மேஜர்' ஏழாம் சுரத்தைப் பற்றிப் பேசுகிறது. இரண்டும் வேறு வேறு சுரத்தைப் பற்றிய பேச்சு, அதனால் சண்டை இல்லை. சி மைனர் 7 என்றால் சாதாரண காந்தாரம் (3 அரைச்சுரம்), கைசிகி நிஷாதம்: சி, இ ஃப்ளாட், ஜி, பி ஃப்ளாட். கரகரப்பிரியாவின் ஸ க ப நி என்று வைத்துக்கொள்ளுங்கள். சி மேஜர் 7-இல் அந்தர காந்தாரமும் (4 அரைச்சுரம்) காகலி நிஷாதமும், சங்கராபரணத்தின் அல்லது கல்யாணியின் ஸ க ப நி. சி மைனர் மேஜர் 7-இல் காந்தாரம் சாதாரணம், நிஷாதம் காகலி: சி, இ ஃப்ளாட், ஜி, பி. கௌரிமனோகரி கேட்டிருந்தால் இந்தச் சேர்க்கை உங்கள் காதில் ஏற்கனவே இருக்கிறது. தனியாக அடித்தால் ஒரு மாதிரிக் குத்தும், ஆனால் சி மைனரில் இருந்து சி மைனர் மேஜர் 7, பிறகு சி மைனர் 7 என்று மேல் சுரத்தை மட்டும் ஸ, காகலி நி, கைசிகி நி என்று படி இறக்கிக்கொண்டு போனால் எவ்வளவு அழகு என்று ஒரு தரம் செய்து பாருங்கள்.

எழுதும் முறையில்தான் தொல்லை. சிலர் மேஜருக்குப் பெரிய எம், மைனருக்குச் சின்ன எம் போடுவார்கள். நாலு கை மாறிய போட்டோகொப்பியில் பெரிசு எது சின்னது எது என்று கண்டுபிடிக்க முடியாது, நானே ஒரு கல்யாண வீட்டில் இதனால் மைனருக்கு மேஜர் அடித்திருக்கிறேன், பாடியவர் திரும்பிப் பார்த்தார். நீங்கள் எழுதும்போது 'மேஜ்' என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்துப் போடுங்கள். சின்ன முக்கோணம் கண்டால் மேஜர் 7, கழித்தல் குறி கண்டால் மைனர், கூட்டல் குறி கண்டால் ஐந்தாம் சுரம் அரைச்சுரம் ஏறிய ஓக்மென்டட்.

ஜி இல்லாதது பற்றி. கிற்றாரில் சி மேஜர் கோட்டைப் பிடித்துக்கொண்டு சுட்டுவிரலை மட்டும் எடுத்துவிட்டால் இரண்டாம் கம்பி திறந்து பி ஒலிக்கும், அது சி மேஜர் 7. எடுக்காமல், சுண்டுவிரலை மூன்றாம் கம்பியின் மூன்றாம் கட்டத்தில் வைத்தால் அங்கே இருந்த ஜி போய் பி ஃப்ளாட் வரும், அது சி7. ஜி போனதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. மேஜரா மைனரா என்று சொல்வது மூன்றாம் சுரம், எந்த நி என்று சொல்வது ஏழாம் சுரம். பஞ்சமம் இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்வதில்லை, அதனால் விரல் போதாத இடத்தில் முதலில் விடுவது அதைத்தான். ஐந்தாம் சுரம் அரைச்சுரம் இறங்கிய டிமினிஷ்ட், ஏறிய ஓக்மென்டட் கோட்டுகளில் மட்டும் விடாதீர்கள், அங்கே கோட்டின் குணமே ஐந்தாம் சுரத்தில்தான் இருக்கிறது.

குருநகரில் ஞாயிறு பூசைக்குப் பாடும் குழுவில் இருந்து ஒருவர்: "எங்கள் பழைய கையெழுத்துத் தாளில் சி டிமினிஷ்ட் செவன்த்துக்கு சி, இ ஃப்ளாட், ஜி ஃப்ளாட், பி டபுள் ஃப்ளாட் என்று எழுதியிருக்கிறது. பி டபுள் ஃப்ளாட் என்பது ஏ கட்டைதானே? நேரே ஏ என்று எழுதினால் என்ன குடிமுழுகிப் போகும்? அதோடு சின்ன வட்டம் ஒன்றும், நடுவே கோடு போட்ட வட்டம் ஒன்றும் வருகிறது, வித்தியாசம் என்ன?"

இந்த இதழுக்கு வந்ததில் எனக்கு ஆகப் பிடித்த கேள்வி இது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஒலிக்கு ஒன்றும் ஆகாது. பெயருக்கு ஆகும். சி-யில் இருந்து ஏ ஆறாவது எழுத்து. நீங்கள் ஏ என்று எழுதிய உடனே அங்கே இருப்பது ஏழாம் சுரம் இல்லை, ஆறாம் சுரம், அப்போது அதைச் செவன்த் கோட் என்று எப்படிச் சொல்வது? ஏழாவது எழுத்து பி. காகலி தூரத்தில் இருக்கும் பி-யை ஒரு அரைச்சுரம் இறக்கினால் பி ஃப்ளாட், இன்னும் ஒன்று இறக்கினால் பி டபுள் ஃப்ளாட். எழுதியவர் வீண் கெட்டித்தனம் காட்டவில்லை, எழுத்தை எண்ணியிருக்கிறார்.

இதைக் கேட்டு, "இது என்ன வெள்ளைக்காரன் கூத்து" என்று சொல்வதற்கு முன்னால் நம் வீட்டைப் பாருங்கள். சதுச்ருதி தைவதமும் சுத்த நிஷாதமும் ஒரே சுரத்தானம், 9 அரைச்சுரம், சி-யை ஸ-வாக வைத்தால் அதே ஏ கட்டை. சங்கராபரணத்தில் அந்தக் கட்டையில் கை வைத்து 'த' என்று பாடுகிறோம். கனகாங்கியில் அதே கட்டையில் கை வைத்து 'நி' என்று பாடுகிறோம், ஏனென்றால் அங்கே 'த' என்ற இடத்தைச் சுத்த தைவதம் ஏற்கனவே எடுத்துக்கொண்டது. 72 மேளத்தில், அதாவது தாய் ராகங்களில், ஆறு ஆறாகப் பிரித்த ஒவ்வொரு சக்கரத்தின் முதல் மேளமும் இப்படித்தான், ஆக 12 மேளங்களில் அந்த ஒலிக்குப் பெயர் நி. ஒரே ஆள் வீட்டில் மாமா, கடையில் முதலாளி. எந்த வரிசையில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் சுரத்துக்குப் பெயர், எந்தக் கட்டை என்பதை வைத்து இல்லை. பி டபுள் ஃப்ளாட் என்பது நம் சுத்த நிஷாதம்தான்.

ஒரு இடத்தில் மட்டும் நம் பெயர் முறை இந்தக் கோட்டுக்கு உதவாது. கோட்டின் ஐந்தாம் சுரம் ஜி ஃப்ளாட், அதாவது அரைச்சுரம் இறங்கிய பஞ்சமம். நமக்குப் பஞ்சமம் அசையாத சுரம், இறங்கவும் மாட்டாது ஏறவும் மாட்டாது, ஆகவே அந்த ஒலியைப் பிரதி மத்திமம் என்றுதான் சொல்ல முடியும். அவர்களுக்கோ ஐந்தாம் சுரமும் நகரும். கர்நாடக சங்கீதம் படித்துவிட்டுக் கோட்டுக்கு வருகிறவர்கள் டிமினிஷ்ட் வரும்போது தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்று வகுப்பில் பலமுறை கண்டிருக்கிறேன்.

இனி அந்த வட்டங்கள். வெறும் வட்டம் முழு டிமினிஷ்ட்: 3, 3, 3 என்று மூன்று தரமும் மூன்று மூன்று அரைச்சுரம். கோடு போட்ட வட்டம் அரை டிமினிஷ்ட்: 3, 3, 4. அதாவது கடைசிச் சுரம் மட்டும் சுத்த நிஷாதத்தில் இருந்து கைசிகிக்கு ஏறியிருக்கும். இதையே சிலர் மைனர் 7 ஃப்ளாட் 5 என்று எழுதுவார்கள், இரண்டும் ஒன்றுதான். வெள்ளைக் கட்டைகளில் பி, டி, எஃப், ஏ வாசித்தால் அரை டிமினிஷ்ட். அந்த ஏ-யை ஏ ஃப்ளாட் ஆக்கினால் முழுசு. இரண்டையும் மாற்றி மாற்றி வாசியுங்கள், முதலாவது கவலை மாதிரி இருக்கும், இரண்டாவது பயம் மாதிரி இருக்கும்.

முழு டிமினிஷ்ட்டில் இன்னொரு விசேஷம். 3, 3, 3 போய், மேல் ஸ-வுக்கு இன்னும் 3. நாலு மூன்று பன்னிரண்டு, ஸ்தாயியைச் சரி சமமாக நாலாகப் பங்கு போடுகிறது. அதனால் எந்தச் சுரத்தைக் கீழே வைத்தாலும் அதே நாலு கட்டைதான். கீபோட்டில் 12 சுரத்தின் மேலும் டிமினிஷ்ட் செவன்த் கட்டினாலும் வேறு வேறு கை அமைப்பு மூன்றுதான் வரும், நாலாவது முதலாவதாகவே திரும்பி வந்துவிடும். கை மூன்று, பெயர் பன்னிரண்டு. பெயரை எது தீர்மானிக்கிறது? கோட் எங்கே போகிறது என்பதுதான். பி, டி, எஃப், ஏ ஃப்ளாட் என்று எழுதினால் பி ஏறி சி-க்குப் போகப் பார்க்கிறது. அதே கட்டைகளை ஜி ஷார்ப் (ஜி-யில் இருந்து ஒரு அரைச்சுரம் ஏறியது), பி, டி, எஃப் என்று எழுதினால் ஜி ஷார்ப் ஏறி ஏ மைனருக்குப் போகப் பார்க்கிறது. தாளைப் பார்த்துப் பாடுகிறவருக்கு அந்த எழுத்து ஒரு வழிகாட்டி. அவசரத்துக்கு ஒரு துண்டில் ஏ என்று கிறுக்கிக் கொடுத்தால் பாதகமில்லை. குழுவுக்கென்று பாதுகாத்து வைக்கிற தாளில் மாற்றாதீர்கள்.

மானிப்பாயில் இருந்து ஒரு வாசகர்: "சி6 என்பதும் ஏ மைனர் 7 என்பதும் ஒன்றா? இரண்டிலும் அதே நாலு சுரம்."

சுரம் அதே நாலு: சி, இ, ஜி, ஏ. எது கீழே இருக்கிறது, பாட்டு எந்தச் சுரத்தை வீடாக நினைக்கிறது என்பதில்தான் வேறுபாடு. பேஸ் கிற்றார்காரர் சி-யில் நின்றால் சி6, ஏ-யில் நின்றால் ஏ மைனர் 7. கோட் என்பது ஒன்று விட்டு ஒன்றாக அடுக்குவது, சுரங்கள் இடம் மாறிக் கிடந்தாலும் ரூட், அதாவது கோட்டுக்குப் பெயர் தரும் அடிச்சுரம், மாறாது என்ற எண்ணத்தை 1722இல் பாரிசில் வெளியான தன் நூலில் நிறுவியவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் ழான் பிலிப் ராமோ. எஃப், ஏ, சி, டி என்ற சேர்க்கையை டி-யின் செவன்த் என்றும் எடுக்கலாம், எஃப்-ஓடு ஆறாம் சுரம் சேர்ந்தது என்றும் எடுக்கலாம் என்று சொன்னவரும் அவரேதான். உங்கள் கேள்வி அவ்வளவு பழையது.

சுண்டுக்குளியில் இருந்து, மேலைத்தேய சங்கீதப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு மாணவி: "செவன்த் கோட்டின் இன்வெர்ஷனுக்கு 6-5, 4-3, 4-2 என்று இலக்கம் போடுகிறார்கள். பாடமாக்கியும் மறந்து போகிறது, சேர்."

பாடமாக்காதீர்கள் பிள்ளை, எண்ணுங்கள். இன்வெர்ஷன் என்றால் ரூட் அல்லாத சுரம் கீழே வருவது. அந்த இலக்கங்கள் எல்லாம் கீழ்ச்சுரத்தில் இருந்து எண்ணியவை, ரூட்டில் இருந்து இல்லை. சி7-இல் இ கீழே வந்தால், இ-யில் இருந்து ஜி மூன்றாவது, பி ஃப்ளாட் ஐந்தாவது, சி ஆறாவது. ஐந்தும் ஆறும் பக்கத்துப் பக்கத்தில் இடித்துக்கொண்டு நிற்கின்றன, அந்த இடிபாடுதான் 6-5. ஏழாம் சுரமும் ரூட்டும் எப்போதும் அயல்வீட்டுக்காரர், அதனால் எந்த இன்வெர்ஷனிலும் ஒட்டி நிற்கும் ஒரு சோடியைத் தேடுங்கள், சோடியில் மேலே நிற்பது ரூட். 6-5 என்றால் ஆறாவது ரூட், 4-3 என்றால் நாலாவது ரூட். 4-2இல் அந்தச் சோடி கீழ்ச்சுரமும் இரண்டாவதும், ஆகவே இரண்டாவது ரூட், ஏழாம் சுரம்தான் கீழே கிடக்கிறது.

நெல்லியடியில் இருந்து, கோயில் பசனைக் குழுவுக்குக் கீபோட் வாசிக்கும் ஒருவர்: "பாடுகிறவர் ஒரு நாள் 1 கட்டை என்பார், அடுத்த நாள் தொண்டை சரியில்லை, வேறு சுருதி என்பார். சி-யில் கோட்டுகளைப் பாடமாக்கி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு சுருதிக்கும் தனித்தனியாகப் பாடமாக்க வேண்டுமா? ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தினால் போதாதா?"

பட்டன் அந்த இரவுக்குப் போதும். ஆனால் உங்களுக்குத் தேவையான விஷயத்தை அது மறைத்துவிடும். ஒரு கதை சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் இங்கே மின்சாரம் இல்லாத காலம், பற்றரியும் கிடைக்காது. எங்கள் வீட்டில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை ரயரில் உரசவிட்டு, வயர் இழுத்து கசற் பிளேயருக்குக் கொடுப்போம். அண்ணன் பெடலைக் கையால் சுற்றுவார், நான் பக்கத்தில் கிற்றாரோடு குந்தியிருந்து பாட்டின் கோட்டைத் தேடுவேன். அண்ணனுக்குக் கை உளைந்தால் சில்லு மெதுவாகும், ரேப்பும் மெதுவாகும், பாட்டு முழுதும் சுருதி இறங்கும். இப்போதுதான் ஜி7 என்று பிடித்திருப்பேன், அடுத்த வரியில் அது எஃப் ஷார்ப்புக்கும் ஜி-க்கும் நடுவில் எங்கேயோ நிற்கும். "அண்ணா, சுத்துங்கோ" என்று கத்துவேன். ஆனால் ஒன்று கவனித்தேன். சுருதி எங்கே வழுக்கினாலும் அந்தக் கோட் அதே கோட்டாகத்தான் கேட்டது, வீட்டுக்குப் போக அந்தரப்படும் அந்தக் குணம் ஒரு துளியும் குறையவில்லை. நாலு சுரமும் சேர்ந்தே இறங்குகின்றன, இடைத்தூரம் மாறவில்லை. கோட் என்பது கட்டை இல்லை, கட்டைகளுக்கு இடையில் உள்ள தூரம் என்பதை எனக்குச் சொல்லித்தந்தது அந்த டைனமோதான்.

ஆகவே பன்னிரண்டைப் பாடமாக்க வேண்டாம், வெறும் 7-இன் தூரமான 4, 3, 3 என்பதை விரலுக்குச் சொல்லிக் கொடுங்கள். 2½ கட்டையில் பாடினால் ஸ இ ஃப்ளாட், பஞ்சமம் பி ஃப்ளாட். பி ஃப்ளாட்டில் இருந்து 4 எண்ணினால் டி, பிறகு 3 எண்ணினால் எஃப், இன்னும் 3 எண்ணினால் ஏ ஃப்ளாட். அதுதான் அங்கே உங்கள் ஜி7-இன் வேலையைச் செய்யும் பி ஃப்ளாட் 7. எண்ணி முடிந்ததும் எழுத்தையும் ஒரு தரம் சரிபாருங்கள்: பி, டி, எஃப், ஏ, ஒன்று விட்டு ஒன்று சரியாக இருக்கிறது. அதே கட்டையை ஜி ஷார்ப் என்று எழுதியிருந்தால் எழுத்து வரிசை உடைந்து பிழை உடனே தெரிந்திருக்கும். ஒரு நாளைக்கு ஒரு சுருதி என்று வைத்தாலும் இரண்டு கிழமைக்குள் கை பழகிவிடும்.

சாவகச்சேரியில் இருந்து ஒரு அம்மா: "மகளுக்குக் கீபோட் வாங்க இப்போதைக்கு வசதி இல்லை. அவவின் அம்மம்மாவின் ஆர்மோனியப் பெட்டி இருக்கிறது, கீரவாணி வரை வாசிப்பா. இந்தச் செவன்த் கோட் எல்லாம் மொத்தம் எத்தனை வகை, ஆர்மோனியத்தில் பழகலாமா?"

தாராளமாகப் பழகலாம் அக்கா. கீரவாணி வாசிப்பா என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம் பொங்கியது, ஏன் என்று சொல்கிறேன்.

வகை எத்தனை என்பது சின்னக் கணக்கு. அடுக்கில் மூன்று படி இருக்கிறது, ஒவ்வொரு படியும் 3 அல்லது 4 அரைச்சுரம். இரண்டு, இரண்டு, இரண்டு, ஆக எட்டு வழி. அதில் 4, 4, 4 என்று போனால் 12 ஆகி மேல் ஸ-வின் கட்டையிலேயே போய் விழுந்துவிடும், ஏழாம் சுரம் என்று ஒன்று இருக்காது. அதைக் கழித்தால் ஏழு. சங்கராபரணத்தின் ஏழு சுரத்திலும் கோட் கட்டினால் இந்த ஏழில் நாலு வகைதான் கிடைக்கும்: மேஜர் 7 இரண்டு தரம், மைனர் 7 மூன்று தரம், வெறும் 7 ஒரு தரம், அரை டிமினிஷ்ட் ஒரு தரம். கீரவாணியில் கட்டினால் ஏழு வகையும் வரும், ஒவ்வொன்றும் சரியாக ஒரே ஒரு தரம். ஒரு வகை கூட இரண்டாம் தரம் வராது. இதை முதன்முதலில் கணக்குப் போட்டுக் கண்ட அன்று இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

6 கட்டைச் சுருதியில், அதாவது ஏ-யை ஸ-வாக வைத்து வாசிக்கச் சொல்லுங்கள், அங்கே கீரவாணிக்கு ஒரேயொரு கறுப்புக் கட்டைதான், ஜி ஷார்ப். மகள் தாட்டு வரிசை படித்திருந்தால் தாண்டித் தாண்டிப் போவது புதிதாக இராது. ஒரு கை துருத்தியில் இருக்கும், மற்றக் கையின் நாலு விரல் போதும். ஸ க ப நி அழுத்தினால் 3, 4, 4, மைனர் மேஜர் 7. ரி ம த ஸ, 3, 3, 4, அரை டிமினிஷ்ட். க ப நி ரி, 4, 4, 3, ஓக்மென்டட் மேஜர் 7, கொஞ்சம் அந்தரத்தில் தொங்குவது மாதிரி இருக்கும். ம த ஸ க, 3, 4, 3, மைனர் 7. ப நி ரி ம, 4, 3, 3, நம் கோண்டாவில் தங்கச்சியைக் குழப்பிய அதே வெறும் 7. த ஸ க ப, 4, 3, 4, மேஜர் 7, இவ்வளவு இருட்டுக்கு நடுவில் திடீரென்று யன்னல் திறந்த மாதிரி. கடைசியில் நி ரி ம த, 3, 3, 3, முழு டிமினிஷ்ட்.

முதலில் சுரத்தைத் தனித்தனியாகப் பாடிவிட்டுப் பிறகு சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள், துருத்தியை நிதானமாக, நாலு சுரமும் ஒரே அளவில் கேட்கும்படி. கடைசிக் கோட்டில் அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போக வேண்டாம், காது தவிக்கும். ஜி ஷார்ப்பை ஏ-க்கு ஏற்றி, எஃப்-ஐ இ-க்கு இறக்கி, நடுவில் இருக்கும் பி-யையும் டி-யையும் சி-யில் ஒன்றாக்கி, ஸ க ப-வில் கொண்டுவந்து முடிக்கச் சொல்லுங்கள்.